புகை வரும்வரை பார்த்த விண்மீன் திரள்

டிசம்பர் முழுக்க மட்டக்களப்பில் மழை விடவில்லை. எங்கள் ஊர் விஞ்ஞான ஆசிரியர் பாடசாலைக் கூரையில் வைத்திருந்த தொலைநோக்கியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, அதன் கமராவைக் கழற்றி என் கையில் தந்தார். "இங்க கிடந்தா பூஞ்சணம்தான் பிடிக்கும். இந்தியாவில ஒரு ரீச்சருக்கு இது உடன தேவை. நீ எப்படியும் போறாய்தானே" என்றார்.

நான் எப்படியும் எங்காவது போகிறவன் என்பது ஊருக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். லொறியில் கிளீனர், கட்டாரில் கிரேனுக்குக் கீழே கொடி காட்டுபவன், புத்தளத்தில் உப்புப் பாத்தி என்று வேலை மாறிமாறி வந்தவன். ஓர் இடத்தில் இரண்டு மழைக்காலம் இருந்ததில்லை. கமரா என்றால் படம் பிடிக்க என்று நினைத்துத்தான் வாங்கிக்கொண்டேன்.

செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கும்போது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இரவெல்லாம் கமரா இருந்த தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்திருந்ததில் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய ஏரி ஒன்று பனியோடு கிடந்தது. எங்கள் வாவியைப் போல அகலம். ஆனால் தோணி ஒன்றும் இல்லை. தண்ணீர் இருந்து தோணி இல்லாவிட்டால் எனக்கு ஏதோ குறைவதுபோல இருக்கும்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் இட்லியும் வடகறியும் தந்தார்கள். வடையை உதிர்த்துக் குழம்பாக்கும் இந்த யோசனை எங்கள் ஊருக்கு வரவில்லை, வந்திருக்கலாம். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணாத்த கேரளாவா?" என்றார்.

"இல்ல, மட்டக்களப்பு."

"அது எங்க கீது? கன்னியாகுமரி பக்கமா?"

"இன்னும் கொஞ்சம் அங்கால. கடல் தாண்ட வேணும்."

அவர் என்னை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி வடகறி ஊற்றினார்.

மாமல்லபுரம் பஸ்ஸில் கண்டக்டருக்குப் பெட்டியின் மேல்தான் கண். "இன்னா அது, மீனா? நாறினா எறக்கி வுட்ருவேன்."

"கமரா."

"கமராக்கு இன்னாத்துக்குத் தெர்மாகோல்? ஷூட்டிங்கா? ஈரோ யாரு?"

பின் இருக்கையில் ஒருவர், "ஈரோவே அண்ணாத்ததான் போல" என்றார். பஸ் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வானத்தில் இருக்கும் ஒன்றைப் பார்க்க என்று சொல்லியிருந்தால் இறக்கியே விட்டிருப்பார்கள்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கிளச் போய்விட்டது. வயலோரத்தில் எல்லோரும் இறங்கி நின்றோம். அடுத்து வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நான் படியில் தொங்கியபோது பெட்டி என் கையை விட்டுப் போய்விட்டது. தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி முன்னுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமல்லபுரத்தில் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், பூக்கூடையைக் காலடியில் தள்ளிவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். "எம்மாங் கனம்! புள்ள மாரி வச்சினு வந்தேன்" என்று தந்தார். நன்றி சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

ரீச்சர் பஸ் நிலையத்தில் காத்திருந்தார். பெயர் சுகந்தி. நாற்பதைத் தாண்டியவர். படூர்ப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர். முதலில் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்து, "சாப்டீங்களாண்ணா?" என்றார். எனக்கு அது பிடித்தது. எதற்காக வந்தோம் என்பதில் குழப்பமில்லாத மனிதர்.

குட்டியானை என்று இங்கே அழைக்கும் சிறிய லோடு வண்டி ஒன்றில் தொலைநோக்கிக் குழாயைக் கட்டி வைத்திருந்தார். கூட வரவேண்டிய சக ஆசிரியருக்குக் காய்ச்சலாம். "ரெண்டு ராத்திரி இருக்க முடியுமாண்ணா? பெரிய வேலை ஒண்ணுமில்ல. தூங்காம இருக்கணும்."

"அது எனக்குத் தெரிஞ்ச வேலைதான்" என்று ஏறிக்கொண்டேன். வண்டியின் பின்னால் இருவரும் குழாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனோம். பாலாற்றுப் பாலம், சவுக்குத் தோப்புகள், நடுவில் பளிச்சென்று கடல். வழியில்தான் அவர் தன் கதையைச் சொன்னார். முறையிடாமல், பாடம் சொல்வதைப்போல.

சில விண்மீன் திரள்களின் நடுவில் கருந்துளை ஒன்று சுற்றியுள்ளதை விழுங்கிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு பீச்சல் கிளம்பும். அந்தப் பீச்சல் நம் பக்கம் நேராகத் திரும்பியிருந்தால், அதன் வெளிச்சம் நிலையாக இராது; ஒரே இரவுக்குள், சில வேளை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஏறி இறங்கும்.

"ஒரு மணி நேரத்துல மாறுச்சுன்னா அந்த வெளிச்சம் வர்ற இடம் ரொம்பச் சின்னது. வெளிச்சம் ஒரு மணி நேரத்துல தாண்டுற தூரம்தான் இருக்க முடியும். அவ்வளவு தொலைவுல இருக்கிறத, தொடாமலே அளந்த மாதிரி" என்றார்.

அப்படி ஒரு மாற்றத்தைத் தானே அளந்து காட்டினால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முடியும். மலைமேல் உள்ள பெரிய தொலைநோக்கியில் இரண்டு முறை நேரம் கிடைத்தது. இரண்டு முறையும் மேகம். அவருடைய முனைவர் பட்டப் பதிவு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்பெல்லாம் வாங்கியாகிவிட்டது. எத்தனை வருட வேலை என்று நான் கேட்கவில்லை. குழாயில் கைபட்டுத் தேய்ந்திருந்த வண்ணத்தைப் பார்த்தால் தெரிந்தது.

கடப்பாக்கத்தில் பூபாலன் என்பவரின் மாடிதான் எங்கள் இடம். சொந்தமாகப் படகு வைத்து மீன்பிடிப்பவர். மனைவி தனம் மீனைக் கரையிலேயே ஏலத்தில் எடுத்து மதுராந்தகம் வரை கொண்டுபோய் விற்பவர். வீட்டில் அவர் குரல்தான் முதலில் கேட்கும். எங்களைக் கண்டதும், "டீச்சரு, ஆளு இளைச்சிட்டியே! காத்தத் துன்னுனு படிக்கிறியா?" என்றார்.

சங்கரா மீன் குழம்பு. புளியும் மிளகாயும் கண்ணில் நீர் வரவைத்தன. எங்கள் ஊரில் இதற்குத் தேங்காய்ப்பால் விட்டுச் சமாதானம் செய்வார்கள்; இங்கே சமாதானமே கிடையாது. பிற்பகலில் பூபாலன் என்னை ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். செங்கல் மதில் பாதி மணலில் கிடந்தது. சுனாமியில் எவ்வளவு விழுந்தது என்று காட்டினார். அந்த அலை அதே நாள் காலையில் எங்கள் கரைக்கும் வந்தது. அவர் தன் ஆட்களைச் சொன்னார், நான் என் ஆட்களைச் சொன்னேன். பிறகு திரும்பி நடந்தோம்.

பொழுது சாயும்போது ரீச்சர் புது வேட்டி ஒன்றைக் குழாயின் வாயில் இழுத்துக் கட்டி, வெறும் வெள்ளையைப் படமெடுத்தார். கமராவில் எங்கெங்கே தூசி இருக்கிறது என்று அறிந்து, பிறகு கணக்கில் கழிப்பதற்கு. இருட்டியதும் கிழக்கில் கடக ராசிப் பக்கம் குழாயைத் திருப்பினார். திரையில் மிளகாய் விதைகளைத் தூவியதுபோல் புள்ளிகள். அதில் ஒன்றைத் தொட்டு, "இதான்" என்றார். பக்கத்துப் புள்ளிகளைவிட அதில் ஒரு விசேஷமும் இல்லை. பல நூறு கோடி வருடங்களுக்கு முன் கிளம்பிய வெளிச்சம் என்றார்.

"இத மட்டும் அளந்தா பிரயோஜனமில்லண்ணா. காத்து கலங்கினாலும் மங்கும், பனி வந்தாலும் மங்கும். பக்கத்துல மாறாத நட்சத்திரம் ரெண்டு இருக்கு பாருங்க. மூணையும் ஒரே படத்துல எடுக்கணும். மூணும் சேர்ந்து மங்கினா அது நம்ம வானம். இது மட்டும் மங்கினா, அங்க ஏதோ நடக்குது."

"அப்ப அது ரெண்டும் சாட்சி."

"ஆமா" என்றார். அதற்குப் பிறகு அவரும் சாட்சி என்றே சொன்னார்.

என் வேலை, கடல் பனி கண்ணாடியில் படியாமல் தலைமுடி உலர்த்தும் கருவியால் அடிக்கடி சூடு காட்டுவது. கட்டாரில் சிமெந்துக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறேன். இது அதைவிட இலகு. ஒவ்வொரு படத்திலும் அளந்த வெளிச்சம் திரையின் வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழுந்தது; முதல் இரவு அந்தப் புள்ளிகள் எறும்பு வரிசையாக நேராகப் போயின. ஒரு மாற்றமும் இல்லை. விடிந்ததும் ரீச்சர் படுக்காமல் தேநீர் குடித்தார்.

மறுநாள் பகலில் தெருவெங்கும் வீட்டு வாசல்களில் குவியல்கள் முளைத்தன. கிழிந்த பாய், முறம், உடைந்த கூடை, நைந்த வலை. போகி என்றார்கள். பொங்கலுக்கு முதல் நாள் விடியுமுன் பழையதையெல்லாம் கொளுத்துவார்களாம். எங்கள் ஊரில் பொங்கல் உண்டு. இந்தத் தீ கிடையாது.

ரீச்சருக்கு அது தெரியாமல் இல்லை. புகைக்குப் பயந்துதான் ஊர்களை விட்டு இவ்வளவு தெற்கே, கடலோரமாக வந்திருந்தார். கல்லூரி விடுமுறையும் நிலா முன்னிரவிலேயே மறைவதும் இந்த இரண்டு இரவுகளில்தான் சேர்ந்து வந்தன. தெருவில் இறங்கி வீடு வீடாகக் கேட்டார். விடிந்த பிறகு கொளுத்த முடியுமா?

எதிர்வீட்டு ராஜவேலு வலைக் குவியலின்மேல் உட்கார்ந்துகொண்டே, "வானத்துல இன்னா தேட்றே டீச்சரு? எனக்கு நல்ல காலம் எப்ப வருதுன்னு பாத்துச் சொல்லு, நான் போகியே கொண்டாடல" என்றார்.

"உனுக்கு வர்ற நல்ல காலத்தத்தான் நீ படுத்துத் தூங்கிக் கோட்ட வுட்டுடுவியே" என்றார் தனம். தெரு சிரித்தது. ஆனாலும் விடியுமுன் கொளுத்துவது வழக்கம்; சூரியன் வந்த பிறகு கொளுத்தினால் அது குப்பை எரிப்பதுதானே என்று சிலர் முணுமுணுத்தார்கள். தனம் இடுப்பில் கை வைத்து நின்றார். "ஒரு வருசம். ஒரே ஒரு வருசம். பொம்பள ராத்திரி ராத்திரியா கண்ணு முழிச்சினு கீது. அது எறங்கி வந்து சரின்னு சொல்ற வரிக்கும் ஒருத்தனும் குச்சி உரசக் கூடாது."

மாலையில் பூபாலன் கோயில் மைக்கில் அதையே அறிவித்தார்.

அன்றிரவு வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. நள்ளிரவு தாண்டியதும் தரையிலிருந்து கடலுக்குக் காற்று திரும்பியது. கண்ணாடியில் பனி குறைந்தது. புள்ளிகள் நேராகவே போயின. கடக ராசி உச்சி தாண்டி மேற்கே சாய்ந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வானம் வெளுத்துவிடும் என்ற நேரத்தில், ஒரு புள்ளி வரிசையை விட்டுக் கீழே விழுந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும்.

"அண்ணா" என்றார். திரையைத் தொட்டுக் காட்டினார். "இறங்குது."

சாட்சிகள் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அவை நேர்கோட்டில் நின்றன. திரள் மட்டும் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை குனிந்து நிமிர்ந்தார். பிறகு வழிகாட்டிப் பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினார். மேற்கு நாடுகளில் இதே திரளைப் பார்ப்பவர்களுக்கு அந்த வாரம் முழுக்கப் பனிமேகம். கிழக்கே பகல் வந்துவிட்டது. அவர் அறிந்தவரை, அந்த நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் குழாய் ஒன்றுதான்.

நான் சூடு காட்டும் கருவியை எடுத்துக்கொண்டு குழாயின் வாய்க்குப் போனேன். அப்போதுதான் மூக்கில் பட்டது. எரியும் டயரின் மணத்தில் எனக்குத் தவறு வராது. எங்கள் ஊர்ச் சந்திகளில் சண்டைக் காலத்தில் அது எரிந்தால் அன்று கடை திறக்காது; வீட்டுக்குத் திரும்பாதவர்களைத் தேடிப் போவோம். தெருவை எட்டிப் பார்த்தேன். இருட்டு. குவியல்கள் அப்படியே கிடந்தன. ஒரு பீடி நெருப்புக்கூட இல்லை.

"ரீச்சர், டயர் எரியிற மணம் வருது" என்றேன்.

அவர் திரும்பாமலே, "இருக்காதுண்ணா, யாரும் கொளுத்தல" என்றார். பிறகு எழுந்தார். மாடியின் மேற்கு ஓரத்துக்குப் போய் நின்றார். சாலைக்கு அப்பால், வயல்களுக்கு அப்பால், உள்நாட்டு ஊர்கள் இருக்கும் திசையில் தாழ்வாக அங்கங்கே சிவந்திருந்தது. காற்று அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அவரும் மோந்து பார்த்தார். திரையில் புள்ளிகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.

"சாட்சி ரெண்டும் நேரா நிக்குதே" என்றேன்.

"ரெண்டும் ஒரே நிறம்ணா. சிவப்பு. ரெண்டும் ஒரே அளவு மங்கும். ரெண்டும் சேர்ந்து மங்கினதப் பார்த்து, மேற்கே சாயுது, அதனாலன்னு நெனச்சிட்டேன். இது கொஞ்சம் நீலம். புகை நீலத்தத்தான் முதல்ல தின்னும். வெளிச்சம் போதாதுன்னு நிறக் கண்ணாடி போடாம எடுத்தேன். போட்டிருந்தா பிரிச்சுச் சொல்லியிருக்கலாம்."

"அப்ப இது புகைதானா?"

"அதுவும் தெரியாது. நெஜமாவே மங்கியிருக்கலாம். ரெண்டும் சேர்ந்துகூட இருக்கலாம்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "அதாண்ணா கஷ்டம்."

கிழக்கு வெளுத்தபோது பேராசிரியர் அழைத்தார். இரவில் விழித்திருந்து பழகியவராம். ரீச்சர் போனைக் கைப்பிடிச் சுவரில் வைத்துப் பேசினார். அவர் குரல் எனக்கும் கேட்டது. முதலில் வாழ்த்தினார். ரீச்சர் புகையைச் சொன்னார்.

"புகைய நீ பார்த்தியா?"

"படத்துல தெரியல சார். தூரத்துல தீ தெரிஞ்சுது. வாசனை வந்துச்சு."

"வாசனைய எந்த அத்தியாயத்துல எழுதுவ?"

ரீச்சர் மேற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மாசக் கடைசிக்கு மேல ஒரு நாள் கிடையாதும்மா. நான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். அந்த இறக்கம் இருந்தா அத்தியாயம் நிக்கும். இல்லன்னா எங்கிட்ட வேற வழியில்ல." பிறகு களைத்த குரலில், "நீ பார்த்தது. முடிவு உன்னுது" என்று வைத்துவிட்டார்.

ரீச்சர் திரையின் முன் உட்கார்ந்தார். நான் குழாயை மூடினேன், கம்பிகளைச் சுருட்டினேன். செய்வதற்கு வேறு வேலை இல்லாதபோது மீண்டும் பிரித்துச் சுருட்டினேன்.

"இத வாங்கித் திருத்தப்போற வெளிநாட்டு ஆளுங்களுக்குப் போகின்னா என்னன்னே தெரியாது" என்றார், எனக்குச் சொல்வதுபோல் இல்லை. "பனிக்காலம், கடற்கரை, தெளிவான வானம்னுதான் நெனப்பாங்க. நாம ரெண்டு பேரும் வாயத் தொறக்கலன்னா இந்த உலகத்துல யாருக்கும் தெரியாது."

மணத்தைச் சொன்னதே நான்தான். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகப் படவில்லை.

அவர் வரைபடத்தின் குறுக்கே வெட்டுவதற்கு ஒரு கோடு போட்டு, அதை நகர்த்தினார். புள்ளிகள் விழத் தொடங்கிய இடத்துக்கு முன்னால், அதற்கும் சற்று முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வலப்பக்கம் இருந்ததெல்லாம் அழிந்தது. மிஞ்சியது முதல் இரவைப் போன்ற நேர் வரிசை. அதன் கீழே, இதற்குப் பிறகு புகை, என்று எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பினார். கணினியை மூடிவிட்டு முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் படி இறங்கி வந்தபோது சூரியன் கடலை விட்டு மேலே வந்துவிட்டது. தெரு முழுக்க வாசலில் நின்றுகொண்டிருந்தது. குளித்த தலைகள், நெற்றியில் திருநீறு, கையில் தீப்பெட்டி. பக்கத்து ஊர்களில் மேளச் சத்தம் ஓய்ந்தே விட்டது. இங்கே ஒரு குவியலிலும் சாம்பல் இல்லை.

ராஜவேலு, "நல்லா பாத்துக்க டீச்சரு. ஒருத்தன் வாய்ல பீடி இல்ல. நான்கூட வைக்கல. இந்தத் தெருவுக்கே நீ தங்கக் காப்பு போடணும்" என்றார்.

தனம் ரீச்சரின் முகத்தைக் கையால் நிமிர்த்திப் பார்த்தார். "இன்னாம்மா, கண்ணெல்லாம் செவந்து கீது. வந்த வேல முட்ஞ்சிதா? நல்லா பாத்தியா?"

ரீச்சர் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "முடிஞ்சிதுக்கா. நல்லா பாத்தேன்" என்றார். "நீங்க எல்லாம் சொன்ன சொல்லக் காப்பாத்தினீங்க."

"பின்ன?" என்று தனம் தன் தீப்பெட்டியை அவர் கையில் வைத்து அழுத்தினார். "உனுக்காவத்தான காத்துனு இருந்தோம். மொத குச்சி நீ உரசு."

ரீச்சர் தீப்பெட்டியைப் பார்த்தபடி நின்றார். பிறகு தனத்தின் வாசலில் குந்தி உட்கார்ந்து, காற்றுக்குக் கையை மறைத்து, குச்சியை உரசினார். பாயின் ஓரம் கறுத்துச் சுருண்டது. வலை பிடித்துக்கொண்டதும் கரும்புகை கனமாக எழுந்து, மாடியைத் தொட்டு, கடல் பக்கம் சாய்ந்தது. வீடு வீடாகத் தீ ஏறியது. யாரோ மேளத்தை அடிக்கத் தொடங்கினார்கள். ரீச்சர் எழுந்து விலகாமல், இருமிக்கொண்டே, தீ முழுதாகப் பிடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.